பெரிய அளவு கையுறை நாற்பது பெட்டி

என் நீல ஸ்வெட்டரைக் கேட்காமலே பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போன அக்காவுக்கு,

அந்தக் குற்றத்தை இந்த ஒரு கடிதம் முடியும் வரைக்கும் மன்னிக்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. நான் கணக்கில் தேறிவிட்டேன். என் விடைத்தாளைத் திருத்திய டீச்சர்தான் இன்னும் தேறவில்லை என்று கேள்வி.

இதையெல்லாம் மெசேஜில் சொல்லலாம்தான். நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். நான் சொல்ல வந்தது கட்டைவிரலில் அடங்காது.

விடுமுறை என்பதால் அப்பாவோடு தினமும் அவருடைய ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போகிறேன். இனிமேல் ஊசி, பஞ்சு, கையுறை எல்லாவற்றையும் உங்கள் கம்பெனியின் இணையதளத்தில்தான் வாங்க வேண்டும், போனில் சொன்னால் ஆர்டர் எடுக்க மாட்டார்கள் என்று ஆகிவிட்டதே, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான். மேனேஜரே என்னைக் கூட்டிவரச் சொன்னாராம். "உங்கப்பா மவுஸைப் பூனை மாதிரி முறைச்சுப் பார்க்கறாரும்மா, கொஞ்சம் பிடிக்கக் கத்துக்கொடு" என்றார்.

நானும் கத்துக்கொடுத்தேன். எந்த மருந்து எந்த மாதம் காலாவதியாகும் என்று ரேக்கைப் பார்க்காமலே சொல்கிற மனுஷர், ஒரு கடவுச்சொல்லை மட்டும் தினமும் மறந்தார். கடவுளே வந்து சொன்னாலும் மறப்பார் போல இருந்தது. "எனக்கெங்கம்மா இதெல்லாம் வரப்போகுது? போன்லயே சொல்லிடறேனே" என்று கையை விரித்தார். சுற்றிலும் கையுறைப் பெட்டிகளை வைத்துக்கொண்டு கை விரித்த ஒரே ஆள் இவர்தான்.

பெட்டி இறக்குகிற அண்ணன்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். நீ அந்தக் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் அப்பா வாரத்துக்கு ஒரே ஒரு போன்தான் பண்ணுவாராம். நீ அங்கே ஆர்டர் எடுக்க உட்கார்ந்த பிறகு திங்கள் கையுறை, செவ்வாய் ஊசி, புதன் பஞ்சு என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தாராம். மேனேஜர் கேட்டதற்கு "ஸ்டாக் வைக்க இடமில்லை சார்" என்றாராம். நான் போய்ப் பார்த்தேன். பாதி ரேக்கில் நான் படுத்துத் தூங்கலாம்.

"போன் பண்ணும்போது சார் நிமிர்ந்து உட்கார்ந்துக்குவார், காலரைச் சரிபண்ணிக்குவார். போன்ல யாரு பார்க்கப்போறாங்க?" என்று அந்த அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நம்பு.

கடைசியில் நீ "வேற ஏதாவது வேணுங்களா சார்" என்று கேட்பாயாமே. அப்பா ரேக்கையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் "வேற ஒண்ணும் இல்லம்மா" என்பாராம்.

நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று அவர் கத்தியது உனக்கு மறந்திருக்காது. "போறதுன்னா போ, ஆனா எனக்குப் போன் பண்ணாதே." நீயும் இன்றுவரை பண்ணவில்லை. அவர் மட்டும் பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். உனக்கில்லையாம், கம்பெனிக்காம்! வீட்டில் அம்மா சாப்பாடு போடும்போது "இன்னிக்கு ஆர்டர் போட்டாச்சா?" என்று கேட்பாள். எதற்கு இவளுக்கு ஆஸ்பத்திரி அக்கறை என்று நானும் நினைத்திருக்கிறேன். ஒருநாள் அப்பா தட்டைப் பார்த்தபடி, "போட்டாச்சு. ஆர்டர் எடுக்கறவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றார். அன்று சாயங்காலம் அம்மா உனக்குப் போன் செய்து வெந்நீர் குடிக்கச் சொன்னாளே, உனக்கெப்படித் தெரியும் என்று நீ கேட்டாயே, இப்படித்தான்.

இது எதுவும் தெரியாத காலத்திலேயே நான் என் வேலையைக் காட்டிவிட்டேன். அப்பா இனி மறக்கவே முடியாதபடி, உன் செல்லப்பெயரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்துக் கடவுச்சொல்லாகப் போட்டுக்கொடுத்தேன். விளையாட்டுக்குத்தான். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை மறந்துவிட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை, அக்கா. ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக, தப்பில்லாமல் அடித்தார். அந்த வாரத்துக்கு வேண்டியது முழுவதும் ஒரே தடவையில் போய்விட்டது. மேனேஜர் கைதட்டினார். அப்பா போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன திங்கட்கிழமை அவர் செய்ததுதான் உச்சம். நடுத்தர அளவு என்று போட வேண்டிய இடத்தில் பெரிய அளவு கையுறை நாற்பது பெட்டி என்று அடித்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அவ்வளவு பெரிய கை, எலும்பு டாக்டருக்கு மட்டும்தான் உண்டு, அவருக்கும் இரண்டே கைதான். "அப்பா, தப்பு" என்றேன். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றார். ஆர்டர் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று அந்தத் தளத்தில் போட்டிருப்பதை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் எனக்கு முன்னாலேயே படித்திருக்கிறார்.

போன் அடித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். காலரைச் சரிசெய்தார். எடுத்தார்.

யாரோ ஒரு தம்பி பேசினான். அப்பா "ஆமாம்ப்பா, நடுத்தர அளவுதான், தப்பா அடிச்சுட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு அம்மா ஆர்டரைப் பற்றிக் கேட்டபோது தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

திருத்தம் கேட்டுக் கூப்பிடுவது, அந்த ஆர்டர் யார் கைக்குக் கிடைக்கிறதோ அவர்கள் வேலை என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். அடுத்த திங்கட்கிழமையும் எங்களிடமிருந்து ஒரு தப்பு வரும். எனக்கு அவரைத் தெரியும். வேறு யார் கையிலும் அதைக் கொடுத்துவிடாதே, பிடுங்கியாவது நீ எடுத்துக்கொள். போன் பண்ணாதே என்று சொன்னது அப்பாதானே தவிர ஸ்டோர் இல்லை.

அளவைத் திருத்திவிட்டு வைத்துவிடாதே. எப்போதும்போல வேற ஏதாவது வேணுமா என்று கேள். அவர் ரேக்கையெல்லாம் பார்த்து முடிக்கும் வரைக்கும் காத்திரு. இந்த ஒரு தடவை மட்டும் அந்த "சார்" வேண்டாம், அக்கா.

ஸ்வெட்டரை நீயே வைத்துக்கொள். அங்கே குளிர் அதிகமாமே.

உதைக்க நீ இல்லாமல் இங்கே கொழுத்துக்கிடக்கும்,
வாலு