கொம்புக்கு அடித்த மஞ்சள் சாயம்

மச்சான்,

இன்று பக்கத்து வீட்டுக்காரர் வாசல் கேட்டுக்குச் சாயம் அடித்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும். செத்தவன் மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

காஜா பேராங் ஊரில் நாம் சேர்ந்து போட்ட மாட்டுக் கொட்டகை. நாடு சுதந்திரம் அடைந்தபின் வந்த முதல் பொங்கல் சமயம், லோரியில் வந்திறங்கிய பன்னிரண்டு கிடாரிகளுக்கும் நுரையீரல் காய்ச்சல். இருமலும் மூக்கொழுகலுமாக நின்றன. பென்சிலின் ஊசியா, சல்பா மாத்திரையா, எது கேட்கும் என்று மாட்டு டாக்டருக்கே நிச்சயமில்லை. பாதிக்கு இது, பாதிக்கு அது கொடுத்துப் பாருங்கள், அடுத்த தடவை தடுமாற வேண்டியதில்லை என்றார். எல்லாம் ஒரே வெள்ளை, நமக்கும் புதுசு. அதனால் ஊசி மாட்டுக்குக் கொம்பில் சிவப்பு, மாத்திரை மாட்டுக்குப் பச்சை என்று நான்தான் தீற்றி வைத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று செமாபோக் பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், பன்னிரண்டும் மஞ்சள் கொம்போடு நிற்கின்றன! குளிப்பாட்டி, கொம்பைச் சுரண்டி, ஜாலான் பெண்டஹாரா தெருக் கடையில் வாங்கிய புதுச் சாயத்தை அடித்திருந்தாய். எது ஊசி, எது மாத்திரை என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் ஒவ்வொன்றாகக் கைகாட்டினாய். அதை நம்பி அடையாளக் கயிறு கட்டினேன், மடையன். ஊசி மாடு என்று நீ காட்டியதில் நான்கு செத்தன. மாத்திரைதான் கேட்கிறது என்று முடிவு கட்டினோம்.

அடுத்த மழைக்கு என் கறவை மாடு லெட்சுமிக்கு அதே காய்ச்சல். மாத்திரைதான் கொடுத்தோம். கொடுத்தவள் என் மனைவி, உன் கூடப்பிறந்த தங்கை. லெட்சுமி செத்துப்போனது. வேளை தவறவிட்டிருப்பாய் என்று அவளைத் திட்டித் தீர்த்தேன்.

“ஒரு வேளைகூட விடலைங்க” என்று அழுதாள்.

நீ அங்கேதான் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாய். வாயைத் திறந்தாயா?

உன் தங்கை போய்ச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு சொன்னாய்: “அன்னிக்குச் சும்மாதான் கைகாட்டுனேன் மச்சான். நல்ல நாளும் அதுவுமா பழைய சாயத்தோட எப்படி விடுறது? தெரியலன்னா நீ கத்துவே.”

கத்தியிருப்பேன்தான். அதற்குப் பயந்து ஒரு பொய்யா? எந்த மருந்து கேட்டது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மறுவாரமே நீயும் கண்ணை மூடிவிட்டாய். சண்டை போடக்கூட ஆளில்லை.

உன்னை எவ்வளவு திட்டினாலும் ஒன்று மட்டும் என்னோடுதான் கிடக்கிறது. லெட்சுமிக்குப் பிறகு யார் வீட்டு மாட்டுக்கும் உன் தங்கை மருந்து கொடுத்ததில்லை. கூப்பிட்டால், தனக்குக் கைராசி இல்லை என்பாள். பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமாம் என்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.