நாலு விரல் இடைவெளி

மேடம்,

இன்று காலை கரைத்த சிமெண்டின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. முழங்கால் மக்கர் பண்ணி நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. உப்பளத்தை ஒட்டிய நம் பள்ளிக்கூடத்தில்தான், பாண்டுச் சட்டி நிறையக் கலவை போட்டு வைத்துக்கொண்டு என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். பழைய செங்கல் கட்டடத்துக்கும் நீங்கள் டிசைன் போட்டு நான் கட்டிய மாடிக் கட்டடத்துக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி உண்டே, அதை அடைக்கத்தான் அந்தக் கலவை.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இடைவெளியை மூடி நாம் அடித்திருந்த தகட்டை உப்புக் காற்று தின்றுவிட்டது. உள்ளே குளவி கூடு கட்டி, போன வாரம் ஒரு டீச்சரைக் கொட்டியும்விட்டதாம். நான் கட்டின கட்டடம் என்பதால் மரியாதைக்கு முதல் கலவையை நான் வைக்க வேண்டும் என்று சொல்லி, புதுக் கரண்டி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

அது வேண்டுமென்றே விட்ட இடம், அடைக்கக் கூடாது என்றேன். தலைமையாசிரியை நல்ல மாதிரி. கோபப்படாமல் பழைய கமிட்டியின் தீர்மான நோட்டை எடுத்துவந்து காட்டினார். "இல்லீங்க மேஸ்திரி. இது டிராயிங்ல வந்த தப்புன்னு அந்த மேடமே ஒத்துக்கிட்டிருக்காங்க. கையெழுத்து இருக்குது பாருங்க."

இருந்தது. "இரு கட்டடங்களுக்கு இடையேயான இடைவெளி குறித்து டிராயிங்கில் தவறு. இன்ஜினியர் ஒப்புக்கொண்டார்" என்று ஒரே வரி. அதன் கீழே வலப்பக்கம் சாய்ந்த உங்கள் கையெழுத்து. எழுதினவர் சுருக்கமாக எழுதுகிறேன் என்று விஷயத்தையே மாற்றிவிட்டார். ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வரி அங்கே வந்ததற்குக் காரணம் நான்தான்.

அப்போது உங்களுக்கு நாற்பது வயது இருக்கும், எனக்கு மூன்று குறைவு. பாண்டிச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் வருவீர்கள். வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் தூண்களை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பீர்கள். பூகம்பம் வந்தால் தூண் பிளக்கக் கூடாது என்று, கம்பியைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் கொக்கியை உள்பக்கமாக மடக்கச் சொல்லி எங்கள் உயிரை எடுப்பீர்கள். போர்வெல் தண்ணீர் உப்பு என்று டேங்கர் தண்ணீரில்தான் கலவை போட வேண்டும் என்பீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பட்டப்பெயரை இப்போதும் சொல்லமாட்டேன்.

ஒரு தடவை நேராகவே கேட்டேன். "மரக்காணத்துல எப்ப மேடம் பூமி ஆடிச்சு? இங்க காத்தும் கடலும்தான ஆடுது." நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆடாத வரைக்கும் நல்லது மேஸ்திரி. ஆடுற அன்னிக்கு நான் வந்து கொக்கி மடக்க முடியாது."

அந்த இடைவெளியை டிராயிங்கில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தீர்கள். அடைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதியும் இருந்தீர்கள். நான் படித்தேன். படித்ததற்கு அடையாளமாகப் பென்சிலால் ஒரு டிக்கும் போட்டேன். ஆனால் கட்டடம் எழும்ப எழும்ப அந்தச் சந்து என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, மேஸ்திரிக்கு அளவு தவறிவிட்டதா என்று கேட்டார்கள். சுவரும் சுவரும் சேராத கட்டடத்தை ஊருக்குக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், நீங்கள் வராத ஒரு நாள் பார்த்து, உடைகல்லும் கலவையுமாக அதை நிரப்பிப் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டேன். இருந்த இடம் தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை.

விழா நாளில் பந்தல் போட்டு நாற்காலி எல்லாம் வந்து இறங்கிவிட்டது. நீங்கள் அந்தச் சுவரைக் கையால் தடவித் தடவித் தேடினீர்கள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இடைவெளி எங்கே என்று கேட்டீர்கள். தெரியாமல் அடைத்துவிட்டேன் மேடம் என்றேன்.

டிராயிங்கை வாங்கி விரித்தீர்கள். உங்கள் சிவப்பு வட்டமும் என் டிக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் டிக்கின் மேல் விரலை வைத்தீர்கள். பிறகு மடித்து உங்கள் பையில் வைத்துக்கொண்டீர்கள். அடைப்பை எடுக்காமல் கட்டடத்தைத் திறக்கக் கூடாது என்றீர்கள். கமிட்டித் தலைவர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். விழாவைத் தள்ளிவைக்க வேண்டும் என்றால் யார் தப்பு என்று சொல்லுங்கள், மேஸ்திரி தப்பு என்றால் அடுத்து வரும் சமையல்கூட வேலை அவனுக்குக் கிடையாது என்றார்.

"தப்பு என்னோடது. நான்தான் டிராயிங்ல சரியா காட்டாம விட்டுட்டேன். மேஸ்திரி மேல ஒண்ணும் இல்லீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை மேடம்.

அதன்பின் நாலு நாள் அந்தச் சந்தைக் குடைந்தோம். பூச்சு சுலபமாக வந்துவிட்டது. உள்ளே விழுந்து இறுகிய கல்லைத்தான் மாடியிலிருந்து நீளக் கம்பி விட்டுக் குத்திக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. ஆள் இருக்கிறது என்று சொல்லியும் கேட்காமல் நீங்களும் கம்பி பிடித்தீர்கள். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சாரப் பலகையின் மேல் உங்கள் நாலடுக்கு டிபன் கேரியரையும் என் குட்டைச் சொம்பையும் ஒட்டி வைத்துப் பலகையை ஆட்டிக் காட்டினீர்கள். சொம்பு நகரவில்லை. கேரியர் ஆடி ஆடி அதன்மேல் இடித்தது. இரண்டையும் நாலு விரல் தள்ளி வைத்து மறுபடி ஆட்டினீர்கள். சத்தமே இல்லை.

"பழசு குட்டை, புதுசு உசரம். ரெண்டும் ஒரே மாதிரி ஆடாது. ஆடுறதுக்கு இடம் விட்டா ஒண்ணை ஒண்ணு உடைக்காது, அவ்ளோதான் மேஸ்திரி." சொல்லி முடிப்பதற்குள் சாம்பார் பலகையெல்லாம் கொட்டிவிட்டது. அன்றைக்கு என் வீட்டு நெத்திலிக் குழம்பைத்தான் நீங்கள் சாப்பிட்டீர்கள். அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் கேட்டுச் சாப்பிட்டீர்கள்.

சமையல்கூட வேலை எனக்குக் கிடைத்தது. டிசைனுக்கு அவர்கள் வேறு இன்ஜினியரிடம் போய்விட்டார்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டக்குப்பத்தில், ஆரோவில் பக்கத்தில் என்று எங்கே வேலை வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன ஆடியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினீர்கள். குரல் பாதிதான் வந்தது. அந்த இடைவெளி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது மேடம் என்றேன். சொல்லிவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் நர்ஸ் போனை வாங்கிவிட்டார். அடுத்து வந்தது நீங்கள் போய்விட்ட செய்திதான்.

புயல் என்றால் உப்பளத்துக் குடும்பங்களும் குப்பத்து ஜனங்களும் வந்து படுக்கிற இடம் அது. மற்ற நாளெல்லாம் மாடியில் பிள்ளைகள். இன்று காலை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்த நோட்டு சொல்வது பொய் என்று சொல்ல ஊரில் என்னைத் தவிர ஆள் இல்லை என்பது உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"டிராயிங் சரியாதான் இருந்துச்சு. அந்தச் சந்தை ஒரு தடவை அடைச்சவன் நான். தெரிஞ்சேதான் அடைச்சேன். என் பேரைக் காப்பாத்த அவங்க பொய் சொன்னாங்க."

பெற்றோர் கழகத் தலைவி உப்பு வாரப் போகிறவர், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார். "அந்தம்மா மேல பழிய வச்சிட்டு இத்தினி வருசம் எப்படி மேஸ்திரி சோறு எறங்கிச்சு உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை எல்லோரும் பார்த்தார்கள்.

தலைமையாசிரியை தீர்மான நோட்டை என்னிடமே நீட்டினார். இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது, எக்காலத்திலும் அடைக்கக் கூடாது, டிராயிங்கில் தவறு இல்லை, தவறு மேஸ்திரியுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குளவிக்கு ஆள் பார்த்தாயிற்று. நாளைக்கு அலுமினியத் தகடு வருகிறது. இரண்டு கட்டடமும் தனித்தனியாக ஆட இடம் இருக்கும்படி ஒரு பக்கம் மட்டும் ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் சொன்ன மாதிரியே.

விஷயம் இதற்குள் கூனிமேடு வரைக்கும் போயிருக்கும். சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன். எனக்காக நீங்கள் தூக்கிக்கொண்டு போன பழியை இன்றைக்குத்தான் வாங்கிக்கொண்டேன். இனி அது என்னிடமே இருக்கட்டும் மேடம்.