ஹாலில் நான் சிரித்ததைப் பற்றி

வைட்ஃபீல்ட்,
பெங்களூரு.

சௌபாக்கியவதி ஸ்னேஹாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவும் நானும் இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஷ்ரேயாசும் அந்த மியூனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்கப் பெருமாளைச் சேவித்துக்கொள்கிறேன். தினம் வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ முடித்துவிடுகிறாய், அதுவும் உன் இஷ்டத்துக்கு, அதனால்தான் எழுதுகிறேன். மேல் மாடி ஸ்ரீலக்ஷ்மியின் பிள்ளை ராம்கி அங்கே வருகிறான், பருப்புப் பொடியோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே, சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓரமாக நின்றுகொண்டு எழுதுகிறேன், இந்த வீட்டில் நீ மாட்டச் சொன்ன கேமராவுக்குத் தெரியாத இடம் இது ஒன்றுதான்.

அப்பா உடம்பு அப்படியேதான் இருக்கிறது. கால் கொஞ்சம் ஊன்றுகிறார், வலது கை இன்னும் வரவில்லை. காலையில் வள்ளியம்மா வந்து உடம்பு துடைத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போகிறாள். பேச்சுதான் உனக்குத் தெரியுமே, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அவரிடம் மிஞ்சியது 'எங்கே' என்கிற ஒரு வார்த்தை. நான் குக்கரை அணைக்க எழுந்தால் எங்கே, குளிக்கப் போனால் எங்கே, வாசல் கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தால் குரல் நடுங்க எங்கே எங்கே என்கிறார். நீர்ப்பாசன இலாகா ஜீப்பில் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றின மனுஷர், நான் எங்கே போனேன் எப்போது வந்தேன் என்று ஒரு நாள் கேட்டதில்லை, இப்போது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கேட்கிறார். ஒரு நாள் வள்ளியம்மா இருக்கிறாளே என்று மருந்துக் கடைக்கு இறங்கினேன், அதற்குள் என்னைத் தேடி எழுந்து விழுந்துவிட்டார். அதற்கப்புறம்தான் நீ கேமராவை மாட்டச் சொன்னாய், நானும் லிஃப்ட் பக்கம் போவதை விட்டுவிட்டேன். பால்கனியில் துணி உலர்த்தும்போது மெட்ரோ போகிறது தெரியும், இதுவரை அதில் ஏறினதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூச்சு முட்டுகிறது, ஸ்னேஹா, அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

எதிர் ஃப்ளாட் லவினாதான் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, சும்னே இதைப் படிங்க" என்று கன்னடச் 'சும்மா'வோடு ஃபோனில் போட்டுக் கொடுத்தாள். கொரியாக்காரர்களின் படக்கதை, விரலால் தள்ளத் தள்ளக் கீழே போய்க்கொண்டே இருக்கும், பேச்செல்லாம் இங்கிலீஷில். மலை உச்சியில் ஒரு மந்திரப் பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டர் புலி, அசெம்பிளியில் நின்றபடியே தூங்கிவிடுவார். கதாநாயகி போமி, எனக்கு அவள் பொம்மி. பெண்ணுக்கு ஒரு மந்திரமும் உருப்படியாக வராது, மழையைக் கூப்பிட்டால் முள்ளங்கி ஊறுகாய் கொட்டும், வகுப்பே தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். இதில் என்ன இருக்கிறது, அறுபது தாண்டினவளுக்கு இது தேவையா என்று கேட்பாய். அதில் யாருக்கும் பிரஷர் மாத்திரை கிடையாது, பரீட்சையில் கோட் அடிப்பதுதான் பெரிய கஷ்டம். எல்லோரும் காலையில் எங்கேயோ கிளம்பிப் போகிறார்கள், வழியில் எதையாவது வாங்கித் தின்கிறார்கள், சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அதைப் படிக்கும்போது நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பின மாதிரி இருக்கிறது. வியாழக்கிழமை புது அத்தியாயம் வரும், புதன்கிழமையே மனசு பறக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டில் யாரிடமாவது 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லி, அவர்களும் 'போய்விட்டு வா' என்று சொன்னால்தான் பள்ளிக்கூடக் கதவு திறக்கும். வெறுமே 'போகிறேன்' என்றால் திறக்காது. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இது நம் வீட்டுப் பேச்சல்லவா, இங்கே கன்னடக்காரர்களும் ஹோகி பர்த்தீனி என்றுதானே சொல்கிறார்கள். மொழிபெயர்த்தது கட்டாயம் நம்மவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். கீழே எழுதும் இடத்தில், நமஸ்காரம், உங்களுக்குப் பூர்வீகம் எது, கும்பகோணம் பக்கமா, பெங்களூரில் உறவுக்காரர்கள் உண்டா என்று விசாரித்து, என் பெயரையும் போட்டு எழுதினேன். மறுநாள் பார்த்தால் உலகமே வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறது. மொழிபெயர்த்த பெண்ணே சியோலிலிருந்து, "அம்மா, நாங்களும் தினமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு கிளம்புவோம், இது எங்கள் பேச்சு, எனக்குக் கும்பகோணம் தெரியாது" என்று எழுதியிருந்தாள். நான் அவளைச் சம்பந்தி வீட்டுக்காரி மாதிரி கோத்திரம் கேட்காத குறையாக விசாரித்திருக்கிறேன். நினைத்து நினைத்துச் சிரித்தேன், கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

அப்போதுதான் உன் குரல் சுவரில் இருக்கும் கேமராவிலிருந்து வந்தது. "ஏம்மா, அப்பா அங்க அப்படி உக்காந்துண்டிருக்கார், நீ ஃபோனப் பாத்து இப்படிச் சிரிச்சுண்டிருக்கியே, கொஞ்சமாவது இருக்கா உனக்கு" என்றாய். ஆபீஸ் வேலைக்கு நடுவில் கவலையில் பார்த்திருப்பாய், பார்த்ததும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, அதற்குள் நீ உன் ஃபோனில் கேமராவை மூடிவிட்டாய். உன் குரலைக் கேட்டதும் அப்பா முகம் மலர்ந்துபோய் நாற்காலியிலேயே திரும்பித் திரும்பிப் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அப்புறம் கேமராவைப் பார்த்துக்கொண்டு விளக்கேற்றுகிற நேரம் வரைக்கும் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. விசா, லீவு என்று உனக்கு அங்கே இருக்கிற கட்டும் எனக்குப் புரியாமல் இல்லை. நீ என்னை வெளியே அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டாம், அவரை விட்டு நான் போகமாட்டேன். மத்தியானம் சாப்பிட்டு அவர் கண்ணை மூடும் நேரம் மட்டும் எனக்கு வேண்டும். ராம்கி கடிதத்தைக் கொடுத்துவிட்டேன் என்று மெசேஜ் போடுகிற நாளிலிருந்து அந்த நேரத்துக்குக் கேமரா பிளக்கைப் பிடுங்கி வைக்கப்போகிறேன். அவர் எழுந்ததும் மாட்டிவிடுவேன். இதற்கு உன்னிடம் பர்மிஷன் கேட்கவில்லை, சொல்லிவிட்டுச் செய்கிறேன், அவ்வளவுதான்.

பொடியில் பெருங்காயம் தூக்கலாக இருக்கும், மாப்பிள்ளைக்கு நெய் தாராளமாக விடு. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ஹீட்டர் காற்றில் முடி கொட்டுகிறது என்றாயே. தீர்க்க சுமங்கலியாக, மனசில் பாரமில்லாமல் இரு. ஒன்று மறக்காதே, மத்தியானத்தில் ஹால் கறுப்பாகத் தெரிந்தால் பதறிப்போய் செக்யூரிட்டி சாய்கிருஷ்ணாவுக்கு ஃபோன் பண்ணிக் கதவைத் தட்டச் சொல்லாதே. உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. உன் அம்மா சிரித்துக்கொண்டிருப்பாள், அதைப் பார்க்க வேண்டுமென்றால் நேரில் வா.

இப்படிக்கு,
உன் அம்மா,
பாகீரதி சீனிவாசராகவன்