கையெழுத்து வைத்து நடந்தவளுக்கு

என் பாசத்துக்குரிய பிலோமினா மச்சாள்,

உன்னை அடக்கம் செய்த அன்று உன் மகன் அன்ரன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னான். "அம்மா அந்த இல்லத்திலேயே இருந்திருந்தா இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பா, மாமி." அன்று விழுங்கிய பதிலை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் ஊரும் வாசிக்கட்டும்.

நீ என் கணவரின் தங்கை. தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நாவற்குடாவில் உன் சீதன வீட்டில் தனியே இருந்தாய். எழுபத்து மூன்று வயதில் குளியலறையில் வழுக்கி உன் இடுப்பு முறிந்தது. பெரிய சத்திரசிகிச்சை. இரண்டாம் நாளே எழுந்து நிற்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதை நானும் கேட்டேன். அன்ரன் கட்டாரில் இருந்தான். காயம் ஆறும் வரைக்கும் என்று வாவிக்கரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் உன்னைச் சேர்த்தான்.

அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. பதினாறு கட்டில்களையும் பார்த்துக்கொள்ள வேலைக்கு இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். விழுந்துவிடுவாய் என்ற பயத்தில் உன்னைக் கட்டிலிலேயே வைத்தார்கள். மலசலத்துக்குக் கூப்பிட்டால் உடனே வர ஆளில்லை என்று பம்பர்ஸ் கட்டச் சொன்னார்கள். நீ அதைச் சுருட்டி ஜன்னலில் வைத்துவிட்டு, "எனக்கு இடுப்புத்தான் முறிஞ்சது, வெட்கம் முறியல்ல" என்றாய்.

அந்த நாட்களில் நான் உன் பக்கம் நிற்கவில்லை, மச்சாள். பின்னேரம் பஸ்ஸில் வருவேன், சொன்னதைக் கேட்டுப் படு என்பேன். உன் தொடை நாளுக்கு நாள் மெலிவதைக் கண்டும் அதையே சொன்னேன். உன் வீட்டுக்கு அன்ரன் வாடகைக்கு ஆள் பார்க்கிறான் என்று தெரிந்தும் ஒரு கிழமை மறைத்தேன். உனக்காக மறைத்தேனா, எனக்காகவா?

கடைசியில் சொன்ன அன்று நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ ஒரு தாளும் பேனையும் கேட்டாய். நடந்து விழுந்தால் அது என் பொறுப்பு, இல்லத்தின் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தாய். இல்லத்துக்குப் பொறுப்பான நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாய்.

"படுத்திருந்து பழுதாப் போறதுக்கு நான் இஞ்ச வரல்ல, மிஸ். நடந்து வீட்ட போகத்தான் வந்தன்."

அவர் தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, மூலையில் யாரோ துவாய் காயப் போட்டிருந்த, பிடித்து நடக்கும் வோக்கரை அவரே எடுத்து வந்தார்.

முதல் நாள் கட்டிலிலிருந்து கதவு வரை. உன் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. நீ களைத்தால் உட்கார என்று நான் ஒரு கதிரையைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன். அதன் பிறகு நாளுக்கு ஆறு முறை நடந்தாய். நாலாம் கிழமை விழுந்தாய், நெற்றி வீங்கியது. மிஸ் பயந்துபோய் அன்ரனுக்குப் போன் எடுத்தார். நீ போனை வாங்கினாய்.

"ஓம் மகன், விழுந்தன். எழும்பிட்டன். ரெண்டையும் கேட்டுக்கொள். வீட்டுக்கு ஆள் விடாத."

மூன்றாம் மாதம் பொல்லூன்றி அந்த வாசற்படி இறங்கினாய். அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள். உன் அடுப்பில் உன் தேத்தண்ணி. பழைய மீனைக் கொண்டுவந்தவனோடு கேற்றடியில் சண்டை. கோயில் திருநாளில் முதல் வரிசை வாங்கில் இடம். ஒரு காலையில் முகம் கழுவி வந்து கதிரையில் இருந்தாய், இருந்தபடியே உன் இதயம் நின்றது. இடுப்பு அல்ல, இதயம்.

அன்ரனுக்கு என் பதில் இதுதான். அங்கே இருந்திருந்தால் உன் அம்மா இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பாவோ என்னவோ, யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பதினான்கு மாதமும் அவ தன் காலால் நடந்து எடுத்தவை. அதைப் பிழை என்று இனி என் முன்னால் ஒருவரும் சொல்ல வேண்டாம்.

இனி என் சங்கதி. எனக்கும் இடுப்பு மூட்டு மாற்றியாயிற்று. அதே இல்லம், வேறு அறை. என்ன அவசரம், ஆறுதலாக இருங்கள் அம்மா என்கிறாள் என் மகள் ஸ்டெல்லா. அவளைக் கோபிக்க முடியுமா? நானும் அதே வாயால் உன்னிடம் சொன்னவள்தானே. ஆனாலும் வீடு போகும் நாளைக் குறித்துத் தரச் சொன்னேன். தராமல் சாப்பிட மாட்டேன் என்றேன். கலண்டரில் அவளே வட்டம் போட்டாள்.

அடுத்த கட்டிலில் காத்தான்குடி சுபைதா, இருதய ஒப்பரேசன் செய்தவர், என் வயதுதான். நேற்று நான் வோக்கரைப் பிடித்து எழும்ப, எங்ககா போற என்று கேட்டார். வீட்ட, என்றேன். போர்வையை விலக்கிக் காலைக் கீழே போட்டார்.

"நில்லு, நானும் வாறன்."

இப்போது நாங்கள் இரண்டு பேர். மிஸ் எங்களுக்கு வழிவிட்டு நிற்கிறார்.

வட்டம் போட்ட நாளில் இங்கிருந்து நடந்தே வெளியேறுவேன். உன் கல்லறைக்கும் என் காலிலேயே வருவேன், மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்பிப் போவேன். உன் பக்கத்தில் வந்து படுக்க எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நீ காத்திரு.

உன் அண்ணன் பெண்சாதி,
உன் மச்சாள்,
திரேசம்மா