போலாரம் மைதானத்தின் எட்டணா வாசல்

அன்பு மச்சான் மாணிக்கத்துக்கு,

காய்ச்சலில் நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் தங்கை கன்னியம்மாளும் நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கொஞ்ச நாளாக அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். காரணத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நம் ஆட்கள் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன்தான்.

போலாரம் கால்பந்துப் போட்டி இந்த வருஷமும் நடந்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப் சார்பில் கமிட்டியில் நீ உட்கார்ந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். நீ பாய்லர் வேலைக்காரன், நான் ஸ்டோர் குமாஸ்தா. பேனா பிடிக்கிறவன் இன்னும் நன்றாகப் பேசுவான் என்று நினைத்தார்கள், பாவம்.

முதல் கூட்டத்திலேயே டிக்கெட் விலைதான் பேச்சு. செயலாளர், சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர், ஒரு காகிதத்தைப் படித்தார். எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே சீசன் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு விலை பாதியாகக் குறையும், நாற்காலியும் உண்டு. அன்றன்றைக்கு வந்து வாசலில் வாங்குகிறவர்களுக்கு எட்டணா. கோல் கம்பத்துக்குப் பின்னால் மண்மேட்டில் நின்று பார்க்கிற இரண்டணா டிக்கெட் இனி கிடையாது.

நான் மெதுவாகக் கேட்டேன், "நம்ம ஆளுங்க எல்லாம் மேட்டுலதானே நிப்பாங்க?"

"எப்பவோ ஒரு நாள் வர்றவங்கள நம்பி வெளியூர் டீமைக் கூப்பிட முடியுமா, சபாபதி?" என்றார் அவர். "அவங்களுக்கு ரயில் செலவு யார் கொடுக்கிறது? சண்டைக் காலத்துல ஒரு பந்து என்ன விலை விக்குது தெரியுமா? முன்னாடியே பணம் கட்றாங்களே, அவங்கதான் இந்தப் போட்டியைத் தாங்கறாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை மச்சான். ஆனால் அதற்குப் பதிலும் இருந்தது. நம் ஆட்கள் எப்பவோ ஒரு நாள் வருவது ஆசை இல்லாமலா? யுத்த வேலை என்று ஷிப்டுக்கு மேல் ஷிப்டு போடுகிறார்கள். மூன்று மணிக்கு மேஸ்திரி வந்து 'யாரும் போகக்கூடாது' என்றால் போக முடியாது. நாளைக்கு ஆட்டம் பார்ப்போமா என்று இன்றைக்குத் தெரியாதவன், ஒரு மாத ஆட்டத்துக்கு எப்படி இப்போதே பணம் கட்டுவான்? இந்தக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போதுதான் செயலாளர் சொன்னார், கமிட்டிக்காரர்களுக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி இலவசம் என்று. சரி என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கிவிட்டேன்.

வீட்டில் அந்த இரண்டு டிக்கெட்டையும் கன்னியம்மாளிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேடு இல்லன்னா கரீம் பாய் எங்க நிப்பாரு?" என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"எனக்கு நாற்காலி வோணும்னு நான் கேட்டனா? எங்கண்ணன் இருந்தா இதுக்குக் கை தூக்கியிருக்குமா மாமா?"

கரீம் பாயை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிக்கந்தராபாத் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறவர். போலாரத்துக்குச் சவாரி கிடைக்கிற நாளில் மட்டும் குதிரையை மரத்தடியில் கட்டிவிட்டு உன் பக்கத்தில் வந்து நிற்பார். நீ தமிழில் கத்த, அவர் உருதுவில் கத்த, நம் கோல்கீப்பர் உங்கள் இரண்டு பேர் குரலுக்கும் திரும்பிப் பார்ப்பான்.

அரையிறுதியில் நம் ஒர்க்‌ஷாப் டீமுக்கும் ஒரு பட்டாளத்து டீமுக்கும் ஆட்டம். அன்றைக்கும் கரீம் பாய் வந்தார். பங்களாக்காரர்கள் இரண்டு பேரை, சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களை, வாசலில் இறக்கிவிட்டார். வாசல்காரன் எட்டணா என்றதும் திரும்பி நடந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, என் இன்னொரு டிக்கெட்டை நீட்டினேன். கன்னியம்மாள் வரவில்லை, அது சும்மாதான் கிடந்தது.

"நக்கோ பாய், வேணாம்," என்றார் சிரித்துக்கொண்டே. "என் ஆளுங்க எல்லாம் இங்கே நிக்கிறாங்க. நான் மட்டும் குர்சியிலே உக்காரவா? கைக்கு, எதுக்கு? நீ போ."

நான் போனேன். அப்போதாவது அவரோடு வெளியே நின்றிருக்கலாம். ஏன் நிற்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் டிக்கெட்காரர்களில் பாதிப் பேர் வரவேயில்லை. முன்வரிசை நாற்காலிகள் காலியாக நனைந்தன. மேடும் வெறிச்சென்று கிடந்தது. மூங்கில் தட்டிக்கு வெளியே மட்டும் ஷிப்டு முடிந்து கரிபிடித்த சட்டையோடு வந்தவர்கள் இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றிருப்பார்கள். இரண்டாம் பாதியில் நம் பையன்கள் ஒரு கோல் போட்டார்கள். உள்ளே கொஞ்சம் கைதட்டல், அவ்வளவுதான். வெளியே இருந்தவர்களுக்கு யார் போட்டது என்று தெரியவில்லை. "யாரு? யாரு?" என்று கத்திக்கொண்டு எல்லோரும் தட்டியை நெருக்கினார்கள். தட்டி நீளத்துக்கும் சரிந்து விழுந்தது. காவலுக்கு நின்றவர்கள் தடியை ஓங்கினார்கள். கூட்டம் பின்னால் பாய்ந்தது.

கரீம் பாய் தட்டிப் பக்கம்கூடப் போகவில்லை. மரத்தடியில் குதிரைக்குப் பக்கத்தில்தான் நின்றாராம். சத்தத்தில், வண்டியில் பூட்டியபடியே கட்டியிருந்த குதிரை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கியவரைப் பள்ளம் வரைக்கும் இழுத்துப் போயிற்று. வண்டி கவிழ்ந்து, ஏர்க்கால் முறிந்து, சக்கரத்துக்கு அடியில் அவர் வலதுகை மாட்டிக்கொண்டது. நான் போய்ப் பார்க்கும்போது நம் ஆட்கள் வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"கோல் நம்மளுதா பாய்?"

நம்முடையதுதான் என்றேன். கடைசியில் நாம் தோற்றதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் சொன்னேன்.

குதிரைக்கு ஒன்றுமில்லை. ஒர்க்‌ஷாப் தச்சர்கள் புது ஏர்க்கால் செய்து கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர் கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. கடிவாளத்தை இடதுகையால் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். நான் கை தூக்கியது தப்பு, இறுதி ஆட்டத்துக்காவது மேட்டைத் திறந்துவிடுங்கள் என்றேன். செயலாளர் கோபப்படவில்லை. "முன்பணம் கட்டினவங்க என்னைக் கேக்க மாட்டாங்களா? விதியை நடுவுல மாத்த முடியாது," என்றார். என்னைத் தவிர ஒரே ஒருவர்தான் கை தூக்கினார். இரண்டு டிக்கெட்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம், நீயே சொல்லு. இறுதி ஆட்டம் எட்டணா வாசலோடுதான் நடந்து முடிந்தது.

இந்தக் கடிதத்தை நேற்றுக் கன்னியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "கை தூக்கினேன்னு மட்டும் எழுதினா எப்படி? தெரிஞ்சே தூக்கினேன்னு எழுது," என்றாள். எழுதிவிட்டேன் மச்சான். தெரிந்தேதான் தூக்கினேன். நீ மன்னிப்பாயா? உன் தங்கை மன்னிப்பாளா?

அடுத்த வருஷத்து விலையைத் தீபாவளி கழித்து முடிவு செய்வார்களாம். என்னைக் கமிட்டியை விட்டு அவர்கள் இன்னும் எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குக் கரீம் பாயையும் அழைத்துப் போகிறேன். "நான் போய் என்ன பேசறது?" என்கிறார். வெளியே நின்றதைச் சொன்னால் போதும் என்றிருக்கிறேன். கேட்பார்களோ, மாட்டார்களோ. உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன்: அவரை விடாத வாசலில் இனி நானும் நுழைய மாட்டேன்.

உன் தங்கை புருஷன்,
உன் மச்சான்
சபாபதி