திராக்கியாவுக்கு அங்கால

இன்று குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தபோது அந்த ரோசாப்பூ ஜாம் போத்தல் கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். வாசம் அப்படியே இருக்கிறது, ஐசே. அழுகையும் வந்தது, உம்மில் கோபமும் வந்தது.

பழைய சிநேகிதத்தில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டிலிருந்து உம்மை டயலிசிஸுக்குக் காரில் கூட்டிப்போவது நான்தானே. அங்கே பக்கத்துக் கதிரையில் இருந்த பல்கேரியக் கிழவர்தான் இந்தப் போத்தலை உமக்குத் தந்தார். தன்னுடைய ஊர்ப்பக்கமான திராக்கியாவில் பூத்த ரோசா என்று பெருமைப்பட்டார். மெஷினைப் பார்க்க வந்த கசாக் நேர்ஸ், தங்கள் மொழியில் அந்தப் பழைய நாட்டுக்கு ஃபிராக்கியா என்றுதான் பெயர் என்றாள். உமக்கோ சீனி வருத்தம், இனிப்பே ஆகாது. போத்தலை என்னிடம் தள்ளிவிட்டு, "ஒரு நாட்டுக்கு ஏன் ரெண்டு பேர்? உதை ஒருக்காத் தேடிப் பாரும்" என்றீர்.

தேடிவந்து சொன்னேன். இரண்டுமே கிரேக்கத்திலிருந்து வந்தவைதான். கசாக்கியருக்கு அது ரஷ்ய மொழி வழியாகப் போனதால் முதல் ஒலி மாறிவிட்டது.

"கிரேக்கனுக்கு எங்கயிருந்து வந்தது?"

"அங்க இருந்த சனத்தின்ர பேராம்."

"அந்தச் சனத்துக்கு ஆர் வைச்சது? அதுக்கங்கால?"

நீர் விடாக்கண்டன். எனக்கு அதற்கு அப்பால் தெரியவில்லை.

பிறகொரு நாள், வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னீர். "எனக்குக் காணும். இனி உந்த மெஷினுக்கு வரமாட்டன். டொக்டரிட்டயும் சொல்லிப்போட்டன்."

"விசர்க்கதை கதையாதையும்!" என்று கத்தினேன். கெஞ்சினேன். நீர் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தீர். வேறு வழி தெரியாமல், "அந்தச் சனத்துக்குப் பேர் வந்த கதையைக் கண்டுபிடிச்சிட்டன். செவ்வாய்க்கிழமை மெஷினில இருக்கேக்கதான் சொல்லுவன்" என்றேன். பச்சைப் பொய்.

செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டு வாசலில் நின்றீர். எனக்கு உயிர் வந்தது. கதிரையில் சாய்ந்து, ஊசி ஏறியதும், "ம், சொல்லும்" என்றீர். நான் அந்தக் குழாயில் ஓடும் உமது இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாது" என்றேன்.

என் கையைத் தட்டினீர். "உமக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும், ஐசே. நீர் கெஞ்சினீர் எண்டுதான் வந்தனான்."

அதன் பிறகு நீர் மெஷினுக்கு வரவில்லை. நானும் திரும்பக் கெஞ்சவில்லை. அந்த மாதமே போய்ச் சேர்ந்தீர்.

இப்போதும் தேடுகிறேன். எவருக்கும் உறுதியாகத் தெரியாதாம். தெரிந்திருந்தால் மட்டும் நீர் அடுத்த செவ்வாயும் வந்திருப்பீரா?