கிளட்ச் போல்ட் ஒடிந்தது பற்றி மருமகளுக்கு

மருமகளுக்கு,

வண்டியை ஸ்டார்ட் செய்யாதே. “நம்ம வீட்டு மருமக வாசல்ல உக்காந்து ஸ்பானர் பிடிக்கிறதா?” என்று காலையில் கேட்டேன். “அப்ப நீங்களே பிடிங்க மாமா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாய்.

மதியத் தூக்கம் முழுதாகக் கலையாமலே எழுந்து வந்து பிடித்தேன். நீ கழற்றி வைத்த எஞ்சின் மூடியில் வெயில் குளம்போலத் தேங்கியிருந்தது. நீ பொருத்தி வைத்திருந்த புதுக் கிளட்சின் நான்கு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டுமாம்; வண்டியோடு வந்த புத்தகத்தில் பிறகுதான் பார்த்தேன். அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ மிதப்பில் ஒன்றை மட்டும் பலம் கொண்டமட்டும் திருகினேன். ஒடிந்துவிட்டது.

மெக்கானிக்கை அழைத்துவரப் போகிறேன். ஒடித்தது நான்தான் என்று கடையில் எல்லோர் முன்னும் சொல்லிவிடுவேன். உன் கைவேலையை யாரும் குறை பேசக் கூடாது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது.

மாமா

மற்ற மூன்றையும் நான் தொடவில்லை. நீயே இறுக்கு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.